நாலாம் அத்தியாயம்

"அந்த வெளியூர் புரொபசர் நாலாம் அத்தியாயத்தைக் கிளறினா நான் தொலைஞ்சேன்டா, சாண்டர்!"

கறுப்பு உடையில் நின்ற நின்கேயின் முகம் வெளுத்திருந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நிற்பதுபோல, டாக்டர் பட்டத் தேர்வில் அவள் பக்கத்தில் நிற்க வந்திருந்த நண்பன் சாண்டர் தண்ணீரை நீட்டினான்.

"அப்படி என்னதான் தப்பு?"

"காற்றாலையைத் தாண்டினதும் காத்து கலங்கிப்போகும்ல? அது எவ்வளவு தூரத்துல அடங்கும்னு ஒரு சூத்திரம் போட்டிருக்கேன். அது தரையில வீசற காத்துக்குத்தான் சரி. கடல் காத்துக்குப் பொருந்தாது. மூலம் எதுன்னுகூடப் பார்க்காம எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுப் போடறாங்களேன்னு நானும் போட்டுட்டேன். நேத்துதான் உறைச்சுது."

"ஆய்வேட்டைப் புத்தகமா அச்சடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு, இப்பப் போய்ச் சொல்றே!"

"பட்டம் கிடைச்சாதான்டா இங்கே லெக்சரர் வேலை. இல்லேன்னா அம்மா கடையில சீஸ் வெட்டவேண்டியதுதான்."

"பயப்படாதே. ஒரு மணி நேரம்தானே? நேரம் ஆனதும் பல்கலைக்கழகக் கட்டியக்காரம்மா வந்து தடியைத் தட்டிட்டா, அப்புறம் எந்தக் கொம்பனும் கேள்வி கேட்க முடியாது. ஒவ்வொரு பதிலையும் ஜவ்வா இழு."

இழுத்தாள். முதலில் கேட்டவர்களை ஒருவழியாகச் சமாளித்துவிட்டாள். கடைசியாக எழுந்தார் பேராசிரியர் டெர்ஹோர்ஸ்ட். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர். கெட்டிக்கார மாணவர்களையே அழவைத்து அனுப்புவதில் பேர்போனவர்.

"நாலாம் அத்தியாயம்," என்றார்.

நின்கே கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"கேள்விக்கு முன்னாடி ஒரு சின்ன முன்னுரை," என்று ஆரம்பித்தவர், மாவரைத்த பழைய காற்றாலைகளைப் பற்றிப் பேசினார். சின்ன வயதில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனதைச் சொன்னார். தொப்பி பறந்து வாய்க்காலில் விழுந்ததை நடித்தே காட்டினார். சபை வயிறு குலுங்கச் சிரித்தது. நின்கேயின் அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பாவி மனுஷன், கொல்வதற்கு முன்னால் விளையாட்டுக் காட்டுகிறாரே என்று நின்கே நொந்துபோனாள்.

"ஆகவே, என் கேள்வி என்னன்னா..."

கதவு திறந்தது. அங்கி அணிந்த கட்டியக்காரம்மா நிதானமாக நடந்து வந்து, தடியால் தரையில் தட்டினாள்.

"நேரம் முடிந்தது!"

டெர்ஹோர்ஸ்ட் கையை விரித்துவிட்டு உட்கார்ந்தார். தேர்வாளர்கள் உள்ளே போய்ப் பேசித் திரும்பியதும், நின்கே டாக்டர் நின்கே ஆனாள்.

விருந்தில் அவரைத் தேடிப் பிடித்தாள். மனசு கேட்கவில்லை.

"சார், நாலாம் அத்தியாயத்துல இருக்கற அந்தச் சூத்திரம்..."

"கடலுக்குப் பொருந்தாது. படிச்ச அன்னிக்கே தெரிஞ்சுது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரிஞ்சும், வேணும்னே பேசிப் பேசி நேரத்தைக் கடத்தினீங்களா? என்னைக் காப்பாத்தவா? இதை எப்படி சார் மறப்பேன்?"

அவர் அவளை ஓரமாக இழுத்துப்போய், குரலைத் தாழ்த்தினார்.

"மறந்துடும்மா. நான் ரிட்டையர் ஆகற வரைக்கும் இதை யாருகிட்டயும் மூச்சு விடாதே."

"ஏன் சார்?"

"கடல் காத்துக்குன்னு சொல்லி அந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடிச்சுதானே நான் புரொபசரே ஆனேன்!"