கெடுக்க முடியாத பேர்

"என் புள்ளையைத் தலைப்பிரட்டைன்னு சொன்னது எவன்டா?"

கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் ஓங்கி அடித்தான் மெக்கானிக். பணிமனையே கொல்லென்று சிரித்தது.

"தவளைக்குப் பொறந்தா தலைப்பிரட்டைதானே? இதுக்கு ஏன் குதிக்கிறே?" என்றான் வெல்டர், லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி.

"தவளைன்னா குதிக்கத்தான்டா செய்யும்!" என்றான் பெயின்டர்.

மெக்கானிக்குக்குக் காது மடல் வரை கொதித்தது. கண் கொஞ்சம் துருத்திக்கொண்டு பிறந்தது அவன் குற்றமா? பள்ளிக்கூடத்தில் எவனோ ஒட்டிவிட்ட பட்டம். கூடப் படித்த வெல்டர் புண்ணியத்தில் பணிமனைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கல்யாணத்தன்று மண்டப வாசலில் 'தவளைக்கு வாழ்த்துகள்' என்று பேனர் கட்டிவிட்டார்கள் பாவிகள். "யாருங்க அந்தத் தவளை?" என்று மாமியார் மாப்பிள்ளையிடமே விசாரித்தார். அன்றைக்குப் போன மானம் இன்னும் திரும்பவில்லை.

போன வாரம் பிறந்த மகனுக்கும் அதே கதியா? விடுவானா?

சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு டயர் குவியலுக்குப் பின்னால் போனான். அங்கே பஞ்சர் ஒட்டுகிற ரேடியோ தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பணிமனையில் மெக்கானிக்கை 'அண்ணே' என்று மட்டும் கூப்பிடுகிற ஒரே ஆள்.

"கேட்டியாடா ரேடியோ? புள்ளை இன்னும் கண்ணையே சரியா தொறக்கல. அதுக்குள்ள பட்டம்! இவனுங்க நாக்கு அழுகிப் போக!"

ரேடியோ தண்ணீர் பாட்டிலை நீட்டினான். மெக்கானிக் வாங்கி மடக் மடக்கென்று குடித்தான். ஆத்திரம் அடங்கவில்லை.

"இவனுங்க வாய்க்குப் பூட்டு போடற மாதிரி ஒரு பேர் வைக்கப் போறேன் பாரு. ஒரு மாசமா நானும் வீட்டுக்காரியும் மண்டையை உடைச்சுக்கிட்டோம். அவ ஒரு பேர் சொல்லுவா. நான் வெல்டர் மாதிரி குரலை வச்சுக்கிட்டு அதைக் கெடுத்துப் பார்ப்பேன். ஒண்ணைச் சுருக்கினா நாயைக் கூப்பிடற மாதிரி இருக்கு. இன்னொண்ணு இருமல் மருந்து மாதிரி இருக்கு. இந்தப் புதுப் பேரெல்லாம் ஒண்ணுக்கும் உதவாது. கடைசியில பழைய பேரா ஒண்ணு புடிச்சேன். கம்பீரமான பேர். சுருக்கவும் முடியாது, இழுக்கவும் முடியாது. எந்தப் பயலாலயும் கெடுக்க முடியாது!"

"எ... என்ன பேர்ணே?"

"பதியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு வீட்டுக்காரி உத்தரவு. உனக்கு மட்டும் சொல்றேன். நீ ஒருத்தன்தான் இங்க மனுசனை மனுசனா மதிக்கிறவன். காதைக் காட்டு."

காதோடு காதாகச் சொன்னான்.

ரேடியோவின் கை சாப்பாட்டிலேயே நின்றுவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆனது.

மெக்கானிக்குக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்டா முழிக்கிறே? இதுலயும் ஏதாவது பட்டம் வருமா? வந்தா இப்பவே சொல்லித் தொலை!"

"ந... நல்ல பேர்ணே. ரொம்ப நல்ல பேர்."

"அப்புறம் ஏன் மூஞ்சி தொங்கிப் போச்சு? எதுவா இருந்தாலும் வாயைத் தொறந்து சொல்லேன்டா! எப்பப் பாரு ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி கரகரன்னு இழுத்துக்கிட்டு!"

ரேடியோ டப்பாவை மூடினான். அவன் குரலில் கோபம் இல்லை.

"அ... அது என் பேர்ணே. நீங்க இங்க வேலைக்கு வர்ற வரைக்கும் எ... எல்லாரும் என்னை அதைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க."