பரிமாறாத பாயசம்

"முட்டையா? எங்க வீட்டுப் புள்ளைக்கு முட்டையா?"

ரத்தினவேல் விடைத்தாளை மேசைமேல் வைத்தார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர் அது. படியேறி வந்த மூச்சிரைப்பை வெளியே காட்டாமல், நாற்காலியில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை.

அவரைக் கண்டதும் எழுந்து நின்ற வனிதா டீச்சர் அதன்பிறகு உட்காரவே இல்லை.

"கலைமதி நல்லாப் படிக்கிற பொண்ணுங்கய்யா. இந்த ஒரு கேள்வியிலதான்..."

"ஒரு கேள்வியோ ஒம்பது கேள்வியோ! திருவரங்குளத்துல எங்க குடும்பத்துல முட்டை வாங்குனவன் கெடையாது. டவுன்ல எத்தனையோ சென்டர் இருக்கு. இங்கதான் சேருவேன்னு எம் பேத்தி ஒத்தக் கால்ல நின்னா. அதுக்கு இதுவா? வர்ற வெள்ளிக்கிழமை புது வீட்டுல பால் காய்ச்சுறோம். சொந்தபந்தம் பூராவும் வந்து நிக்கும். எவனாவது மார்க்கைக் கேட்டுட்டா எம் மீசையை எங்கிட்டுக் கொண்டுபோய் வைக்கிறது?"

வனிதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "காப்பி சொல்லவாங்க?"

"வேணாம். மார்க்கைப் போடுங்க டீச்சர்."

"தப்பு என்னன்னு மட்டும் பாத்துருங்க." திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இது ரூபின்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி. இதுல மெத்தட்டுன்னா, ஒரு வேலையை வரிசையாச் செய்யிற ஆளுன்னு வச்சுக்கங்க. கலைமதி 'பந்தி'ன்னு ஒரு மெத்தட் எழுதியிருக்கா. எலை போடணும், பரிமாறணும், எலை எடுக்கணும். என்ன பரிமாறணும்கிறதை மட்டும் நாம வெளியிலேருந்து குடுக்கணும். அப்படிக் குடுக்குறதுக்குப் பேரு பிளாக். பாயசம் ஊத்துன்னு ஒரு பிளாக் குடுத்திருக்கா."

"சரியாத்தானே குடுத்திருக்கா?"

"ஓட்டிப் பாப்போம்."

திரையில் இரண்டே வரிகள் வந்தன. 'இலை போட்டாச்சு.' 'இலை எடுத்தாச்சு.'

ரத்தினவேல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "பாயசம் எங்க?"

"வரல."

"வெறும் எலையைப் போட்டு எடுத்துட்டாளா? எங்க வீட்டுப் பந்தியிலயா?"

"பிளாக்கைக் குடுத்தா மட்டும் பத்தாதுங்க. மெத்தட்டுக்கு உள்ள 'யீல்டு'ன்னு ஒரு சொல்லு எழுதணும். 'இப்ப நீ வா'ன்னு கூப்பிடுற சொல்லு. அதை எழுதாம விட்டுட்டா."

"அதான் பாயச வாளியோட நிக்கிதுல்ல? தானா வந்து ஊத்திட்டுப் போக வேண்டியதுதானே?"

"கூப்பிடாம வராதுங்க."

அவர் முகம் முதல் முறையாக மலர்ந்தது. "அட! எங்க வீட்டுப் பழக்கம்ல இது! நேர்ல வந்து, வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டாத்தான் போவோம். பத்திரிகையைத் தபால்ல போட்டவன் வாசப்படியை நாங்க மிதிச்சதே இல்ல."

"அதேதாங்க."

அவர் அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்பிடலைன்னா?"

"நூறு தடவை ஓட்டினாலும் இப்படியேதான். கூப்பிடுற அன்னைக்குத்தான் வரும்."

"கோவிச்சுக்கிட்டுக் கத்தாது?"

"கத்தாது. எரர்கூட வராது. சத்தமில்லாம ஒதுங்கி நிக்கும்."

"அப்பத் தப்பு அது மேல இல்ல."

வனிதா விடைத்தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "இல்லீங்க. கூப்பிட மறந்த மெத்தட் மேலதான்."

"மறந்துச்சோ, வீம்புக்குக் கூப்பிடலையோ."

கீழே அறந்தாங்கி பஸ்சுக்குக் கண்டக்டர் ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

ரத்தினவேல் தொண்டையைச் செருமினார். "முட்டை முட்டையாவே இருக்கட்டும். நியாயமாத்தான் போட்டிருக்கே. அந்தக் காப்பியைச் சொல்லு."

காப்பி வந்தது. கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தார். பிறகு மஞ்சள் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பத்திரிகை என்று ஒவ்வொன்றாக அடுக்கி, எழுந்து நின்று நீட்டினார்.

"வரும்போதே இதைக் கொண்டாந்துட்டேன். எங்கேருந்து பேச்சை ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. வெள்ளிக்கிழமை பந்தியில பாயசம் ஒங் கையாலதான் ஊத்தணும். எம் மகன் சரவணக்குமாரையும் கூட்டிக்கிட்டு வா, ஆத்தா."

தட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்ட வனிதா, கல்யாணமாகி மூன்று வருடமாகச் சொல்ல வாய்க்காத அந்தச் சொல்லைச் சேர்த்துச் சொன்னாள்.

"வாரோம், மாமா."