ஸ்டேஷன் வரைக்கும்

கொடைக்கானலில் பக்கத்து அறையில் தங்கிப் பழக்கமான மாலதியும் அவள் கணவரும் மதுரைக்கு வந்தபோது திலகவதியின் வீட்டில்தான் தங்கினார்கள். திலகவதியின் கணவர் தனசேகர், அங்கே போலவே இங்கேயும் தானே எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார், ஓயாமல் சிரிக்க வைத்தார். "இவரை அண்ணன்கிட்ட ஒரு மாசம் டிரெயினிங் அனுப்பணும் அக்கா" என்றாள் மாலதி, தன் கணவரைக் காட்டி.

ஊருக்குக் கிளம்பும்போது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த மாலதியின் பையைத் திலகவதி பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இன்னைக்கு ஒரு ராத்திரி இருந்துட்டுப் போங்களேன்."

"டிக்கெட் எடுத்தாச்சே அக்கா."

"நீங்க இருந்தா இவரு..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

தனசேகர் சிரித்துக்கொண்டே வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "பாசக்காரி, விடமாட்டேங்குறா பாருங்க." கடைசி விரலைப் பிரிக்கையில் திலகவதியின் முகம் வலியில் சுருங்கியது. ஆனால் சத்தம் வரவில்லை. அதுதான் மாலதியை என்னவோ செய்தது.

"அக்காவும் ஸ்டேஷன் வரைக்கும் வரட்டும் அண்ணா" என்று நகர்ந்து இடம் விட்டாள். திலகவதி சட்டென்று ஏறிக்கொண்டாள்.

"சீக்கிரம் வந்துடு" என்றார் தனசேகர், அதே சிரிப்போடு.

தெருமுனை திரும்பிய பிறகுதான் திலகவதி செருப்புகூடப் போடாமல் வந்திருப்பதை மாலதி பார்த்தாள்.

"நீங்க திரும்பி எப்படிப் போவீங்க?" என்று மாலதியின் கணவர் கேட்டார்.

திலகவதி மாலதியின் பையை மறுபடியும் இறுகப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.