பன்னிரண்டு வரை

"எல்ஃப்" என்று சொல்லிவிட்டு பெனடிக்ட் அண்ணன் நின்றுவிட்டார்.

ஜெர்மன் மொழியில் அது பதினொன்று. இந்த மூன்று வாரத்தில் எங்களுக்கும் அதெல்லாம் அத்துப்படி.

பெனடிக்ட் அண்ணன் எங்கள் ஜீப் டிரைவர். விடிவதற்கு முன் தேவாரத்தில் எங்களை ஏற்றி, கம்பம்மெட்டு வழியாக மலை ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொள்வார். நாங்கள் காய் எடுக்கிற பெண்கள்.

அவர் மகள் ஜெசி நர்சிங் முடித்துவிட்டு, ஜெர்மனி போவதற்காக ஆன்லைனில் அந்த மொழியைப் படிக்கிறாள். அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒப்பிக்கும்போது அப்பனும் கூடவே உட்கார்ந்து ஒப்பித்திருக்கிறார். எண்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, வண்டியில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே ஒட்டியும் வைத்துவிட்டார்.

சாயங்காலம் நாங்கள் ஏறி உட்கார்ந்ததும், தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தபடி ஜீப்பைச் சுற்றி வருவார். அப்போதுதான் பாடம். ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை, ஃபியர்...

ஆறு வந்தால் மட்டும் குரல் உள்ளே போய்விடும். அந்த எண் காதில் ‘செக்ஸ்’ என்றுதான் விழும். இத்தனை பெண்கள் முன்னால் எப்படிச் சொல்வார், பாவம். நாங்களும் விடமாட்டோம். அஞ்சுக்கு அடுத்தது என்ன என்று கேட்டுக் கேட்டே அவரைப் படுத்தி எடுப்போம்.

பன்னிரண்டில் நாக்கு மாட்டிக்கொள்ளும். திணறி, எச்சில் விழுங்கி, எப்படியோ சொல்லி முடிப்பார். அதற்கு மேல் ஓர் எண்கூட அவர் படிக்கவில்லை. மகள் நூறு வரை சொல்லிக்கொடுத்தும் மண்டையில் இவ்வளவுதான் ஏறியது என்று சிரிப்போம்.

சிரிக்காத ஒரே ஆள் பஞ்சம்மாள் அக்கா. அவள் சிரித்து மூன்று வருஷமாகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மெட்டுப் பாதையில் வேறொரு ஜீப் உருண்டது. அதில் அக்காவின் தங்கை இருந்தாள். கிளம்பும்போது அந்த டிரைவர் விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினானாம். தோட்டத்தில் பார்த்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் பேப்பரில் செத்தவர்கள் என்று அதே எண்ணிக்கை வந்தது.

அன்றிலிருந்து எங்கள் ஜீப்பில் ஆள் எண்ணக் கூடாது. அக்கா போட்ட சட்டம் அது. யாராவது ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தால் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவாள்.

எண்ணியதால் அந்த வண்டி உருளவில்லை, அளவுக்கு மேல் ஆளை அடைத்ததால் உருண்டது. எனக்கு அது தெரியும். தெரிந்தும், யாராவது என் பக்கம் விரலை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஆனால் எண்ணாமல் கிளம்பியதில், போன மாதம் ஓவியாவை மலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பத்தொன்பது வயதுப் பிள்ளை, வேலைக்குப் புதுசு. முன்னால் இருக்கிறாள் என்று பின்னால் இருந்தவர்களும், பின்னால் இருக்கிறாள் என்று முன்னால் இருந்தவர்களும் நினைத்துக்கொண்டோம். செக்போஸ்ட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

திரும்பிப் போனபோது, யானை நடமாடுகிற தடத்துக்குப் பக்கத்தில், ஒரு பாறை இடுக்கில் சுருண்டு கிடந்தாள். ஒரு வாரம் காய்ச்சல். இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஜீப்பில் ஏறுகிறாள். அவளைத் தூக்கிவந்து ஏற்றிய பெனடிக்ட் அண்ணன் அன்றைக்கு வழியெல்லாம் அழுதார்.

இன்றைக்கு மலை முழுக்க மூடுபனி. எல்ஃப்பில் நின்றவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் எல்ஃப்.

இந்த முறை அவர் கண்ணைப் பார்த்தேன். அது கயிற்றில் இல்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் பன்னிரண்டு பேர்.

இருதயம்மாள் பெரியம்மாவுக்கும் உறைத்துவிட்டது. "ஏப்பா பெனடிக்ட், இத்தன நாளா எங்களத்தான் எண்ணுனியா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "பஞ்சம்மாக்கா நம்ம பாசையிலதான ஆத்தா எண்ணக் கூடாதுன்னு சொன்னாக."

யாரும் சிரிக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். பின்படிக்குப் பக்கத்தில் பஞ்சம்மாள் அக்காவின் இடம் காலியாக இருந்தது.

ஜீப்புக்கு வரும் வழியில் இந்தப் பேச்சு அவள் காதில் விழுந்திருந்தால் என்ன ஆகும்? இறங்கி நடக்கிறவள் அவள். இந்தப் பனியில், அந்த யானைத் தடத்தில். எனக்குப் பயமாக இருந்தது. ஓவியா என் கையை இறுக்கினாள்.

அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்திருப்பார். பனிக்குள்ளிருந்து அக்கா வந்தாள், அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி.

எங்கள் முகங்களைப் பார்த்தாள். டார்ச்சைப் பார்த்தாள். ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணன் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சாவியில் கை வைத்தார், திருப்பவில்லை. கடைசி எண்ணைச் சொல்லாமல் அவர் வண்டியை எடுத்ததே இல்லை. கண்ணாடியில் அவர் உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ட்ஸ்வெல்ஃப்" என்றாள், நாக்கு எங்கேயும் மாட்டாமல். "வண்டிய எடு தம்பி."