இரண்டு மின்னலுக்கு நடுவே

விசிறி வேகமாகக் காற்றடிக்கும் சோதனைக்கூடத்துக் காற்றுச் சுரங்கத்துக்குள் ஒரு பொம்மைக் கார். அதைச் சுற்றிக் காற்று எப்படிப் போகிறதென்று பார்க்க, சோப்புக் குமிழிகளைப் பறக்கவிட்டார்கள். விட்டு விட்டு மின்னும் விளக்கில் கேமரா அவற்றைப் படம் பிடித்தது.

ஒரு குமிழிக்குப் பிறந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. காருக்குப் பின்னால் ஒரு சுழல் அதை வாரிச் சுருட்டியது. குமிழி குட்டிக்கரணம் போட்டு, வந்த வழியே திரும்பி ஓடி, தட்டுத் தடுமாறி ஒருவழியாக வெளியே வந்தது.

"அண்ணே, நான் பட்ட பாட்டைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே" என்றது கேமரா. "முதல் தடவை மின்னினப்போ அங்கே இருந்தே. அடுத்த தடவை இங்கே. நேரா வந்திருக்கே." இரண்டு இடத்தையும் சேர்த்து நேராக ஒரு கோடும் இழுத்துவிட்டது.

"ஐயோ, நடுவுல நீங்க பார்க்கவே இல்லையே!"

"நடுவுல இருட்டு. இருட்டுல பார்க்க என்ன இருக்கு?"

"இருங்க, திரும்பிப் போய்ச் சுத்திக் காட்டுறேன்" என்று குமிழி காற்றை எதிர்த்து முட்டியது. காற்று அதைத் தூக்கிச் சுரங்கத்தின் கோடியில் இருந்த கம்பிவலையில் அடித்தது.

உடைகிற நொடியில், சுழலில் சிக்கி அலறிய அடுத்த குமிழியைக் கேமரா அதட்டுவது அதன் காதில் விழுந்தது.

"ஏன் இப்படித் தவிக்கிறே? உனக்கு முன்னாடி போனவன் அலுங்காம குலுங்காம எவ்வளவு நேராப் போனான், பாரு!"