ஈரம் எந்தப் பக்கம்

"டைல்ஸ் ஈரம் பாக்கறவருங்களா?" என்று போனில் கேட்டது மகளின் குரல்.

நாலு வருஷம் கழித்து. அதுவும் அவர் முகமெல்லாம் சவர நுரையோடு நிற்கிற நேரத்தில்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமாங்க, சொல்லுங்க" என்றார்.

பெற்ற மகளுக்கு ஒரு மரியாதை. சொல்லும்போதே நாக்கு கூசியது. ஆனால் ஆரம்பித்தது அவள்தானே.

பாத்ரூம் தரையில் டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துவிட்டது, என்ன துடைத்தாலும் ஈரம் காயவில்லை என்றாள். எந்த வீட்டுக்காரம்மாவும் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பழைய கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பழைய கதை பெரிதாக ஒன்றும் இல்லை, அதுதான் வெட்கக்கேடு. மகளும் மருமகனும் புது வீடு வாங்கினார்கள். சம்பந்தி தனக்குத் தெரிந்த ஓர் ஆளை வைத்து டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தார். ஊரார் வீட்டுத் தரைக்கெல்லாம் முட்டி தேய ஒட்டியவர் இவர். சொந்த மகள் வீட்டுக்கு வேறு ஆளா? இனி உன் வீட்டு வாசப்படியை மிதித்தால் என்னவென்று கேள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவளும் அவர் மகள்தானே. வா என்று ஒருநாள் கூப்பிடவில்லை.

அந்த ஆள் இடுக்கில் என்னத்தைப் பூசித் தொலைத்தானோ என்று இப்போது அவர் மனசு ஒரு நிமிஷம் குதித்தது. கொஞ்சம் சந்தோஷம்கூட.

வழக்கமான கேள்விகளைக் கேட்டார். டைல்ஸைத் தட்டினால் உள்ளே காலியாக இருக்கிற மாதிரிச் சத்தம் கேட்கிறதா? குழாயெல்லாம் மூடியிருக்கும்போதும் மீட்டர் ஓடுகிறதா? கீழ்வீட்டுக் கூரையில் கறை உண்டா?

எல்லாவற்றுக்கும் "இல்லீங்க" என்றாள். மற்றவர்கள் பார்த்துச் சொல்கிறேன் என்பார்கள். இவள் யோசிக்கக்கூட இல்லை.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. மனைவியின் கை அங்கே, காது இங்கே.

பாலிதீன் தாள் ஒன்றைத் தரையில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒருநாள் முழுக்க விட்டுவிடச் சொன்னார். தாளுக்கு அடியில் நீர் கோத்தால் ஈரம் தரைக்குள்ளிருந்து வருகிறது, உடைக்க வேண்டியிருக்கும். மேலே கோத்தால் அது காற்றின் ஈரம்.

"டேப் முனைய மட்டும் கொஞ்சம் மடிச்சு விட்டுடுங்க. அப்பறம் நகத்தால சுரண்ட வேண்டியதில்ல."

இது அவர் எல்லாருக்கும் சொல்வது. அவள் போட்டோ அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நுரை காய்ந்து கன்னத்தை இழுத்தது. சாப்பிட்டியா என்றாவது கேட்டிருக்கலாம். நாலு வருஷம் காத்திருந்து கிடைத்த நாலு நிமிஷத்தையும் ஈரத்தைப் பற்றியே பேசித் தீர்த்தாயிற்று.

போட்டோ வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார்.

முதலில் குறைதான் தேடினார். கிடைக்கவில்லை. வரிசை நூல் பிடித்தது போல நேராக இருந்தது, இடுக்கெல்லாம் ஒரே அளவு. ஒட்டியவன் தொழில் தெரிந்தவன். இத்தனை நாள் அவனைத் திட்டியதெல்லாம் வீண்.

அப்புறம்தான் மூலையில் அந்தத் தாள் கண்ணில் பட்டது. அவர் சொல்லி முழுசாக ஐந்து நிமிஷம் ஆகவில்லை. நேற்றே ஒட்டியிருக்கிறாள்.

நாலு பக்கமும் டேப். ஒவ்வொரு முனையும் மடித்து விட்டிருந்தது.

பள்ளி விடுமுறைகளில் மகளை வேலைக்குக் கூடவே கூட்டிப் போவார். அவர் தடித்த விரலால் டேப் முனையைத் தேடித் தேடித் திட்டிக்கொண்டிருக்க, எட்டு வயசுக்காரி பிடுங்கி முனையை மடித்து, இப்ப உரிங்கப்பா என்று நீட்டினாள். அன்றிலிருந்துதான் அவருக்கு அந்தப் பழக்கம். அவளுடையதை அவளுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

தாளின் அடியில் பொட்டு ஈரம் இல்லை. மேலேதான் துளித்துளியாக நின்றது.

கசிவும் இல்லை, உடைப்பும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் தானாகக் காய்ந்துவிடும். அங்கே ஒரு வேலைக்காரன் போய்ச் செய்ய ஒன்றுமே இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறாள். அப்பாவாக வர மாட்டேன் என்று வீம்பு பிடித்தவர், தொழிலுக்குக் கூப்பிட்டால் எந்த வாசப்படியையும் மிதித்துத்தானே ஆக வேண்டும்.

போட்டோவில் சரியாகத் தெரியவில்லை, நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று எழுதி அனுப்பினார். எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை பிழை வந்தது.

எப்பங்க என்று கேட்டாள். இப்பவே என்றார். விலாசம் வந்தது. அவர் அதைப் படிக்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினால் வாசலில் அவருடைய வேலைப் பை தயாராக இருந்தது. மனைவி அடுப்பில் பால் பொங்குவதுபோல உள்ளே ஓடிவிட்டாள்.

செருப்பை மாட்டும்போதுதான் ஞாபகம் வந்தது. மறுபடி எழுதினார்.

"நான் வர்ற வரைக்கும் அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்துடாதீங்க. எப்பவும் போல சாத்தியே இருக்கட்டும்."

ஜன்னலைப் பற்றி அவள் சொல்லவே இல்லை. போட்டோவிலும் அது விழவில்லை. இரண்டாம் மாடியில், பின்பக்கச் சுவரில், எப்போதும் சாத்திக் கிடக்கும் அந்த ஜன்னல், அதற்கு எதிர்த்த சந்தில் பலநாள் போய் அண்ணாந்து நின்றவர்களுக்கு மட்டுமே தெரியும்.

பதில் வந்தது.

"சரிப்பா."