இருபத்தேழாவது மூஞ்சி

இளவரசி வெட்டிக் கொடுத்தது இருபத்தாறு மூஞ்சி. பிரிண்ட் ஆகி வந்த காதுகுத்து பேனரில் இருபத்தேழு இருந்தது.

மறுபடி எண்ணினாள். இருபத்தேழுதான்.

பிளஸ் ஒன் படிக்கிறவள். ஏதாவது ஒரு வேலையை ஐந்து நாள் கூடவே இருந்து பார்த்து ரிப்போர்ட் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள் பள்ளிக்கூடத்தில். விளம்பர ஏஜென்சி என்றதும் கேமரா, நடிகை, ஏசி ரூம் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு வில்லியனூருக்கு பஸ் ஏறினாள். வந்து பார்த்தால் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்டூல், முதலாளி அருள்தாஸ். மொத்த ஏஜென்சியே அவ்வளவுதான்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எதுவானாலும் பேனர். அதில் சொந்தபந்தம் எல்லாருடைய மூஞ்சியும் வரிசையாக இருந்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் வருகிற போட்டோக்களில் தலையிலிருந்து தோள் வரை வெட்டி எடுப்பது இளவரசியின் வேலை.

"ஒருத்தரையும் வுட்றாதம்மா. மூணு தடவ எண்ணு" என்று அருள்தாஸ் தினமும் சொல்வார்.

அப்படி எண்ணும்போதுதான் மாட்டினான் இந்த இருபத்தேழாவது ஆள். கீழ் வரிசையில் செக் சட்டை போட்ட பையன். பதினேழு, பதினெட்டு வயசு இருக்கும். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"சார், இது யாரு? நான் வெட்டலியே?"

"அதுவா... எடம் காலியா இருந்துச்சும்மா. சும்மா வெச்சேன்."

சும்மா யாராவது மூஞ்சியை வைப்பார்களா? கேள்வி வந்துவிட்டால் இளவரசிக்குச் சோறு இறங்காது. அருள்தாஸ் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து கம்ப்யூட்டரில் பழைய பேனர்களைத் திறந்தாள்.

மணப்பட்டுக் கல்யாணத்தில் அதே பையன். கரியமாணிக்கம் கோயில் திருவிழாவில், தோளில் துண்டு போட்ட பெரியவர்களுக்கு நடுவில் அதே செக் சட்டை. யாரோ ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளில்கூட பலூனுக்குப் பக்கத்தில் இருந்தான்.

ரிப்போர்ட்டின் கடைசிக் கேள்வி, 'அங்கே நீ கண்ட குறை என்ன?' மூன்று நாளாகக் காலியாகக் கிடந்த இடம் அது. இப்போது அவளுக்கு விஷயம் கிடைத்துவிட்டது. எவனிடமோ காசு வாங்கிக்கொண்டு, அடுத்தவர் பேனரில் அவனுக்கு விளம்பரம்!

மறுநாள் காலை பண்டசோழநல்லூர் அரங்கநாதன் பைக்கை நிறுத்துவதற்குள்ளேயே கத்த ஆரம்பித்தார். அந்தக் காதுகுத்து பேனர் அவருடையதுதான்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க? எங்க மச்சானுங்க வரிசையில எவனோ ஒருத்தன் நிக்கிறான்! காலைலேர்ந்து வூட்ல ரகளை. 'எம் போட்டோவுக்கு எடமில்லன்னியே, இவனுக்கு மட்டும் எப்டிடா எடம் வந்துச்சு'ன்னு எங்க சித்தப்பா கோச்சிக்கினு போய்ட்டாரு!"

"தப்பா வந்துடுச்சுங்க. வேற அடிச்சுத் தரேன். காசு வாணாம்" என்றார் அருள்தாஸ், தலை நிமிராமல்.

இளவரசிக்குப் பொறுக்கவில்லை. "தப்பா வரலீங்க. எல்லா பேனர்லயும் இந்தப் பையன் இருக்கான். நானே பாத்தேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அருள்தாஸ் அவளைத் திட்டவில்லை.

அரங்கநாதன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஓகோ! அவங்கிட்ட எவ்ளோ வாங்கற? இத நான் நாலு பேருகிட்ட சொன்னா எவனாவது இனிமே உங்கிட்ட பேனர் போடுவானா?"

"போட மாட்டாங்க."

"தெரியுதில்ல? அப்புறம் இன்னாத்துக்கு?"

"அது எம் பையன்ங்க. அருண் சேவியர். வூட்ட வுட்டுப் போயி ரெண்டு வருசமாவுது."

அரங்கநாதனின் குரல் இறங்கிவிட்டது. "போலீசுல சொன்னியா?"

"சொன்னேன். 'காணவில்லை'ன்னு பாகூர் வரைக்கும் பேனர் கட்டினேன். ஒருத்தரும் நின்னு பாக்கலங்க. காதுகுத்து பேனர்னா நின்னு ஒவ்வொரு மூஞ்சியா பாக்கறாங்க. தன்னோடது இருக்குதா, அடுத்தவனுது பெரிசா இருக்குதான்னு. அப்ப இவனையும் பாப்பாங்கல்ல? 'இவன அங்க பாத்தேனே'ன்னு யாராவது வந்து சொல்ல மாட்டாங்களான்னுதான்."

"யாராவது வந்தாங்களா?"

"இத்தினி நாள்ல இவன் யாருன்னு வந்து கேட்டது நீங்க ஒருத்தருதான்."

அரங்கநாதன் செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "பேனர கழட்டாதீங்க. அப்டியே இருக்கட்டும். சித்தப்பாகிட்ட நான் வந்து சொல்லிக்கறேன்."

இளவரசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டாள்.

"அவரு ஏன் சார் போனாரு?"

அருள்தாஸ் கம்ப்யூட்டரில் ஒரு பழைய பேனரைத் திறந்தார். அவர் தெருவில் பிளஸ் டூ பாஸ் செய்த பிள்ளைகளுக்கு வாழ்த்து. பதினோரு முகம் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. இளவரசி செக் சட்டையைத் தேடினாள். காணோம்.

"பன்னண்டு பேரு எழுதனாங்க. பதினோரு பேரு பாஸு. நானே டிசைன் பண்ணி, எங்க வூட்டுக்கு எதிர்லயே கட்டினேன்" என்றார் அருள்தாஸ். "அந்த ஒரு பேனர்லதாம்மா அவன வுட்டுட்டேன்."